அவுட்டர் சிக்னலுக்கு உள்ளே

அப்பாவின் அடக்க ஆராதனையில் வாசிக்கப் போதகர் ஒரு வாழ்க்கைக் குறிப்பு கேட்டார். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிறந்த ஊர், ஞானஸ்நானம், திருமணம், ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை, ஓய்வு, ஒரே மகள் ஹெப்சி, அதாவது நான். எல்லாம் சரியாக இருந்தது. டோக்கன் மட்டும் இல்லை. டோக்கன் இல்லாமல் கிருபானந்தம் என்ற மனிதரைச் சொல்ல முடியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கல்லேரி. ஆம்பூருக்குப் பக்கத்தில், பெரிய பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து ஆலங்காயம் மலையடிவாரத்தைப் பார்த்து ஒற்றைத் தண்டவாளம் ஒன்று பிரிந்து போகிறது. அது போய் முடியும் இடத்துக்குப் பட்டைக்கிடங்கு என்று பெயர். ஒரு காலத்தில் தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டைதான் வேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் உரித்த பட்டையை மூட்டை மூட்டையாகத் தோல் மண்டிகளுக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது. பட்டையின் காலம் முடிந்தபின் அதில் ஆட்கள் ஏறினார்கள். இன்றைக்குக் காலையில் அந்த ரயிலில் வருபவர்கள் பெரும்பாலும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள்.

கிளைப்பாதையின் நடுவே சிக்னல் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் உள்ளே போகலாம். அதற்கு அடையாளம் ஒரு மரத்தடி. முழங்கை நீளம், இரு முனையிலும் பித்தளைப் பூண், நடுவில் இரண்டு ஸ்டேஷன்களின் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. எல்லோரும் அதை டோக்கன் என்றுதான் சொல்வார்கள். கல்லேரியில் பாயிண்ட்ஸ்மேன் அதை டிரைவர் கையில் கொடுத்தால்தான் ரயில் கிளைக்குள் நுழையும். திரும்பி வந்ததும் வாங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் அறைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். டிரைவர் கையில் போவதைத் தவிர வேறெந்த வகையிலும் அது ஸ்டேஷன் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது அவுட்டர் சிக்னல், ஸ்டேஷனுக்கு வெகு முன்பாகவே வரும் ரயிலை நிறுத்தும் கம்பம்.

நான் சிக்னல் இன்ஜினியர். பெங்களூரில் மெட்ரோ பாதைகளுக்கு வேலை செய்கிறேன். அறை நிறையக் கம்ப்யூட்டர் வைத்து நாங்கள் செய்வதை அந்தத் தடி தனியாகச் செய்கிறது. பாதை ஒன்று, ஒரு நேரத்தில் அது ஒருவருக்கு. அவ்வளவுதான்.

டோக்கனின் நடுத்தகடு தடிமனாக இருக்கும். காரணம், அது ஒரு தகடு இல்லை. பாதை கைமாறும்போதெல்லாம் புது முதலாளி பழைய தகட்டின் மேலேயே தன் தகட்டை அடித்தார். அடியில் பட்டைக் கம்பெனி. அதன் மேல் ஜில்லா போர்டு. அதன் மேல் ரயில்வே. சனிக்கிழமைகளில் அப்பா புளி போட்டுத் தேய்ப்பார். ஓரத்தில் மூன்று அடுக்கும் தெரியும்.

கம்பெனியிடமிருந்து போர்டுக்குப் பாதை சண்டையில்லாமல் வரவில்லை. கம்பெனி நொடித்ததும் போர்டு வாங்கியது. பாதை இன்னும் தன்னுடையதுதான் என்று கம்பெனி மேனேஜர் டோக்கனைத் தன் பங்களாவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். போர்டு ஆசாரியைக் கூப்பிட்டு இன்னொரு டோக்கன் கடையச் சொன்னது. ஒரு நாள் காலையில் மேனேஜரின் இன்ஜின் பட்டைக்கிடங்கிலிருந்தும், போர்டின் இன்ஜின் கல்லேரியிலிருந்தும் கிளம்பின. இரண்டு டிரைவர்கள் கையிலும் டோக்கன். ஓடைப் பாலத்தின் மேல் மூக்கோடு மூக்கு நின்றன. வேகம் கம்மி, யாரும் சாகவில்லை. டிரைவர்கள் இறங்கி, பாலத்திலேயே ஒருவரையொருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கிளைக்கு மட்டும் ஒரு விதி வந்தது. டோக்கன் ஆள் கையில் எல்லை தாண்டிப் போய்விட்டால், விசாரணை முடியும்வரை கிளையில் எந்த வண்டியும் போகக் கூடாது. வேறு டோக்கன் செய்யக் கூடாது. பாதையை யாருக்கும் ஒப்படைக்கவும் கூடாது. கல்லேரியில் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்த விதி தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். அதைப் பயன்படுத்தவேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

அப்பா ஓய்வு பெறும் வருடம் நான்காவது முதலாளி வந்தார். ஒரு கண்டெய்னர் கம்பெனி. பட்டைக்கிடங்கில் யார்டு கட்டி, ஷூ பெட்டிகளைத் துறைமுகத்துக்கு அனுப்பத் திட்டம். கிளைப்பாதை முழுவதும் அவர்கள் கைக்குப் போகும். பயணிகள் ரயில் நிற்கும். மேலிடத்தில் கையெழுத்தாகிவிட்டது.

எதிர்த்தவர் முக்தார் அகமது. அப்பாவின் தோஸ்த். தோல் மண்டியில் ரகம் பிரிப்பவர். கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவி இது எந்த ரகம் என்று சொல்வார். கிளைப்பாதைப் பயணிகள் சங்கம் என்றால் அவரும் அவருடைய லெட்டர்பேடும்தான். சென்னையில் வழக்குப் போட்டார். புதன்கிழமை விசாரணைக்கு வருவதாக இருந்தது. ஒப்படைப்பு அதற்கு முந்தைய சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மாதக் கடைசி. அப்பாவின் பணி நிறைவும் அன்றுதான்.

“சனிக்கிழம அவன் கையில டோக்கன் போய்ட்டா, புதன்கிழம நம்ம வக்கீல் போய் இன்னாத்த கேப்பாரு?” என்றார் முக்தார் மாமா. “முடிஞ்ச கல்யாணத்துக்கு தடை கேக்கற மாதிரி ஆய்டும். பேஜார்.”

 அப்பா அரசு ஊழியர். சங்கம், வழக்கு எதிலும் வாயைத் திறக்கமாட்டார். ஹாலில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அப்பழுக்கில்லாமல் பணி முடித்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் வரும். சர்வீஸில் ஒரு ரிமார்க்கூட இருக்கக் கூடாது. கல்லேரியில் அதை யாரும் வாங்கியதில்லை. அப்பாவுக்கு உறுதியாகியிருந்தது. ஆணி அதற்குத்தான். அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

“வர்றதுக்கு முன்னாடியே ஆணியா?” என்றார் அம்மா. அம்மாவின் பெயர் தேவகிருபை.

“பேரு எழுதியாச்சாம். ஃபிரேம்கூட அவங்களே போட்டுத் தருவாங்களாம்.”

“அப்போ கொஞ்சம் கீழ அடிங்க. சாமி படத்துக்கு மேல நீங்க தொங்க வேணாம்.”

ஆணியைப் பிடுங்கிக் கீழே அடித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ரயில் கிளையிலிருந்து வந்தது. அப்பாவுடைய கடைசி ரயில். அன்றைய நிலவரப்படி கிளைக்கும் அதுதான் கடைசிப் பயணிகள் ரயில். பெண்கள் யாரும் தங்கள் ஊரில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. அதே ரயிலில் கல்லேரிக்குத் திரும்பி வந்து எல்லாரும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். டிரைவரிடமிருந்து அப்பா டோக்கனை வாங்கினார். அந்த நொடியில் மேளம் தொடங்கியது. ரயில்வேயில் பணி நிறைவு என்றால் அப்படித்தான். மாலை, மேளம், சூட்கேஸ், வீடுவரை ஊர்வலம். கழுத்தில் மாலை மேல் மாலை விழுந்தது. முக்தார் மாமா வெள்ளிச் செம்பை எடுத்துக்கொண்டு எல்லோர் மேலும் பன்னீர் தெளித்தார். அப்பா மேல் கொஞ்சம் ஜாஸ்தி.

ஸ்டேஷன் மாஸ்டர் ராமமூர்த்தி அப்பாவின் சிவப்பு, பச்சைக் கொடிகளைக் காட்டி, “இத நீயே வெச்சுக்க கிருபா, ஞாபகத்துக்கு” என்றார். அப்பா கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தோளில் தூக்காத குறையாக அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

எங்கள் வீடு அவுட்டர் சிக்னலுக்கு அப்பால், கிளைப்பாதையோரம். வந்ததும் கொடிச் சுருளை அந்த ஆணியில் மாட்டினார். பிரியாணி சாப்பிட்டோம். சீக்கிரம் தூங்கிவிட்டார்.

காலையில் ராமமூர்த்தி சாரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

“கிருபா, டோக்கன் எங்க?”

“பெட்டியில சார்.”

“பெட்டியில இல்ல. ஸ்டேஷன்ல கம்பெனிக்காரங்க வந்து ஒக்காந்துனு இருக்காங்க. இன்ஜினுக்கு வாழமரம் கட்டிட்டாங்க. பூசணிக்கா வாங்க ஆள் போயிருக்கு. டோக்கன் இல்ல.”

அப்பா உட்கார்ந்துவிட்டார். கைகளைப் பார்த்தார். டிரைவரிடம் வாங்கியதுபோல் வலது கையை நீட்டினார். பிறகு அந்தக் கை தானாகக் கக்கத்துக்குப் போனது. எழுந்து ஆணியிலிருந்து சுருளை எடுத்து விரித்தார். பச்சைக் கொடிக்குள் சிவப்புக் கொடி. சிவப்புக் கொடிக்குள் டோக்கன்.

மழை நாட்களில் அவர் டோக்கனைக் கொடிக்குள் சுருட்டிக்கொள்வார். பித்தளையில் தண்ணீர் பட்டால் களிம்பேறும் என்பது அவர் கவலை. அன்று மழை இல்லை. பன்னீர் இருந்தது. கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ராமமூர்த்தி சார் பெருமூச்சு விட்டார். “அப்பாடா. குடு. பையில போட்டு எடுத்துனு போறேன். பெட்டியில வெச்சிட்டு இப்பதான் பாத்தேன்னு சொல்லிடறேன். யாருக்கும் தெரியாது.”

அவர் கெட்டவர் இல்லை. அப்பாவின் சான்றிதழுக்காக மூன்று முறை மேலே எழுதியவர் அவர்தான். அதைக் காப்பாற்றத்தான் வந்திருந்தார்.

அப்பா டோக்கனைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். ஆணியைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். 

“எழுதிக்கங்க சார்,” என்றார் அப்பா.

“இன்னாத்த எழுதறது?”

“டோக்கன் எல்லை தாண்டிப் போச்சு. பாயிண்ட்ஸ்மேன் கிருபானந்தம் எடுத்துனு போய்ட்டான். கவனக்குறைவு.”

“உனக்கு இன்னா பைத்தியமா? ஒரு ரிமார்க் இல்லாத ஆளு நீ. கடைசி நாள்ல நீயே போய் வாங்கிக்கிறியா?”

“போனது போனதுதான சார். போவலன்னு சொன்னா, இத்தினி வருஷமா நான் டோக்கன் குடுத்ததுக்கே அர்த்தம் இல்லாம போய்டும்.”

ராமமூர்த்தி சார் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கும் அறையில் மாட்டியிருந்த விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்பாவைப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே சுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“புதன்கெழம தான கேஸு?”

“கேஸ் கீஸ் எனக்குத் தெரியாது சார். டோக்கன் தெரியும்.”

“விசாரணை வைக்க ஆள் வரவே செவ்வா, புதன் ஆய்டும்.”

“வரட்டும்.”

“நான் எழுதிட்டா அழிக்க முடியாது கிருபா.”

“தெரியும் சார். ஏம்மா தேவகிருப, சாருக்குக் காப்பி குடு. எழுதற வேல இருக்குது.”

அவர் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். இருவருமாக டோக்கனை ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போட்டார்கள். வாழைமரம் கட்டிய இன்ஜின் கிளைக்குள் நுழையாமல் திரும்பிப் போனது. பூசணிக்காயை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊர் பின்னாளில் இந்தக் கதையை வேறு மாதிரி சொன்னது. கிருபானந்தம் திட்டம் போட்டு டோக்கனை எடுத்துப் போனார் என்று. அது சரியில்லை. அவர் கையை நான் பார்த்தேன். தேடும்போது அது நடிக்கவில்லை. எடுத்துப் போனது பழக்கம். திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரம்தான் அப்பா. எனக்குப் பெருமை அதில்தான்.

உடனே யாரும் அவரைக் கொண்டாடவில்லை. ஒப்படைப்பு நின்றுவிட்டது, ஆனால் விதிப்படி எந்த வண்டியும் போகக் கூடாது. அதனால் காலை ரயிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தபோது வாசலில் பூங்குழலி நின்றிருந்தார். ஷூவுக்கு மேல்பாகம் தைப்பவர். பின்னால் இன்னும் சிலர்.

“இன்னாண்ணா, ரயில காப்பாத்துவன்னு பாத்தா மொத்தமா நிறுத்திட்டு வந்து சாமி கும்புட்டுனு இருக்க?”

“கொஞ்சம் பொறுத்துக்கம்மா.”

“நாங்க பொறுத்துக்குவோம். கம்பெனி கேட்டுக்காரன் பொறுப்பானா? நேத்து ஷேர் ஆட்டோவுல மடிமேல மடி ஒக்காந்து போனோம். லேட்டுன்னு வெளியவே நிக்க வெச்சிட்டான். முட்டியப் பாரு, எப்படி வீங்கிக்கீதுன்னு.”

“விசாரணை முடியட்டும்.”

“முடிஞ்சி ரயிலு வரலன்னு வெச்சிக்க, டெய்லி உன் வூட்டு வாசல்ல வந்து நிப்போம். நீதான் எங்கள முதுவுல தூக்கினு போவணும்.”

அப்பா சிரிக்கவில்லை. “வந்து நில்லு” என்றார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. ரயில் வராமல் போனால் தன்னால்தான் என்று ஆகும். சான்றிதழும் போய், ரயிலும் போய்.

திங்கள்கிழமை மேலிடத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். ஸ்டேஷன் மாஸ்டர் தவறாக எழுதிவிட்டார், டோக்கன் பெட்டியிலேயேதான் இருந்தது என்று அப்பா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், எல்லாம் சுமுகமாக முடியும், சான்றிதழும் வரும் என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நானும் கேட்டேன்.

“சார், நான் ரிடையர் ஆனவன். ராத்திரி முழுக்க டோக்கன் என் வீட்டு ஆணியிலதான் தொங்கிச்சு. என் பொண்ணு பாத்தா, என் சம்சாரம் பாத்தா,” என்றார் அப்பா. “எத்தன பேரு பொய் சொல்றது சார்?”

புதன்கிழமை முக்தார் மாமா சென்னைக்குப் போனார். அன்றைய விசாரணை எங்கள் வக்கீல் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. பாதை ஒப்படைக்கப்பட்டுவிட்டதா என்று கோர்ட்டில் கேட்டார்கள். இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்ல வேண்டியிருந்தது. ஏன் இல்லை என்று கேட்டார்கள். டோக்கன் விசாரணையில் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும், பயணிகள் ரயில் உட்பட, என்று உத்தரவு வந்தது.

மாமா ரயிலிலிருந்தே போன் செய்தார். “கிருபா, ஜெயிச்சிட்டோம். யாரால தெரியுமா? பன்னீர் தெளிச்சவன் யாரு? நான். அப்போ ரயில காப்பாத்துனவன் யாரு?”

“நீதான்யா,” என்றார் அப்பா. “டிக்கெட் எடுத்தியா?”

விசாரணை நடந்தது. வேண்டுமென்றே எடுத்துப் போனீர்களா என்று கேட்டார்கள். இல்லை, கவனக்குறைவு என்றார். அப்படியே எழுதினார்கள். சர்வீஸில் ஒரே ஒரு ரிமார்க், வேலை முடிந்த பிறகு. சான்றிதழ் வரவில்லை. அடுத்த வாரம் ரயில் ஓடியது. பூங்குழலி ஜன்னல் வழியாக ஒரு முழம் மல்லிகையை அம்மாவிடம் நீட்டினார். அப்பாவைப் பார்த்து, “தப்பிச்சண்ணா, நான் எடை ஜாஸ்தி” என்றார்.

கண்டெய்னர் கம்பெனி பெரிய பாதையில் வேறு இடம் பார்த்துக்கொண்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. டோக்கனில் நான்காவது தகடு ஏறவில்லை.

ஆணியைப் பிடுங்கிவிடலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றார் அப்பா. கொடிகளை அதிலேயே மாட்டினார். வீட்டுக்கு வருபவர்கள், சான்றிதழ் எங்கே என்று கேட்டால் கொடிகளைக் காட்டுவார். அதில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை.

போன மாதம், காலை ரயில் போன பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ரயில் கடந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புவது வழக்கம். ‘போச்சு’ என்று ஒரு வார்த்தை. அன்றும் வந்திருந்தது. நான் மீட்டிங்கில் இருந்தேன். அதற்குப் பிறகு வந்தது அம்மாவின் போன்.

மறுநாள் காலை ரயிலிலிருந்து இறங்கிய பெண்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக முகத்தைப் பார்த்துவிட்டு ஆம்பூருக்குப் போனார்கள். எல்லோருக்கும் அன்று லேட். கேட்டில் நின்றிருப்பார்கள். யாரும் அதைச் சொல்லவில்லை.

மதியம் அடக்கம். எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் கிளைப்பாதையை ஒட்டி இருக்கிறது. போதகர் நான் எழுதிய அரைப் பக்கத்தை வாசித்தார். பெட்டியை இறக்கினார்கள். மண் போட்டோம்.

அப்போது முத்துமாரி ஓடி வந்தாள். அப்பாவின் இடத்துக்கு வந்த பாயிண்ட்ஸ்மேன். அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தங்கை மாதிரி. யூனிஃபார்மில் இருந்தாள். கையில் டோக்கன்.

ராமமூர்த்தி சாரும் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. கைத்தடி ஊன்றித்தான் நின்றிருந்தார். டோக்கனைப் பார்த்ததும் பழைய குரல் வந்துவிட்டது.

“ஏம்மா, உனக்கு இன்னா தைரியம்? டோக்கன வெளிய எடுத்தாந்துட்டியா? இதுக்குத்தான அந்த மனுஷன் பட்டாரு?”

“வெளிய எடுத்தாரல சார்,” என்றாள் முத்துமாரி. மூச்சு வாங்கியது. “பெட்டிப் பூட்டு காலையிலேர்ந்து ரிப்பேரு. வெச்சிட்டு வர மனசு வரல. மாஸ்டர்கிட்ட சொல்லிட்டுதான் வந்தேன்.”

“சொல்லிட்டு வந்தா? ரூல் தெரியாதா?”

முத்துமாரி கையை நீட்டினாள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அப்பால், தண்டவாளம் வளையும் இடத்தில், அவுட்டர் சிக்னல் நின்றது.

“எல்லை அங்க இருக்குது சார். இது இன்னும் நம்ம ஸ்டேஷன்தான்.”

ராமமூர்த்தி சார் சிக்னலைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். இடையில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார். “ஆமா,” என்றார். “உள்ளதான் இருக்காரு.”

முக்தார் மாமா பன்னீர் செம்போடு முன்னால் வந்தார். முத்துமாரி சட்டென்று டோக்கனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“பயப்படாதம்மா,” என்றார் மாமா. “இது அவனுக்கு மட்டும்.”

தெளித்தார். கொஞ்சம் ஜாஸ்தியாகவே தெளித்தார்.

மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முத்துமாரி ஒரு பிடி மண் போட்டுவிட்டு, டோக்கனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தோரமாக ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.